தகட்டுக்கு அந்தப் பக்கம்

இது கட்டுக்கதை அல்ல. நம்புவதும் நம்பாததும் வாசிப்பவரின் உரிமை. ஆனால் அந்த நாற்பத்திரண்டு ரிவெட்டுகள் இன்றும் அந்த விமானத்தின் வாலில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் விரலால் தொட்டு எண்ணலாம். நடந்ததும் ஊர் அடங்கிய நேரத்தில் அல்ல. பட்டப்பகலில், பிற்பகல் இரண்டே காலுக்கு.

அவர் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், இருவர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றை ஆறு ஆண்டுகளாகத் தம் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிப்பது ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்கும்போது, தகட்டின் மறுபுறம் இன்னொருவர் இரும்புக் கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் ரிவெட்டின் முனை நசுங்கித் தகடுகளைக் கவ்வும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. காதுகளை மூடியிருப்பதால் பேச்சும் எடுபடாது. ஆகவே உள்ளே இருப்பவர் தகட்டில் தட்டுவார்; வெளியே இருப்பவர் அதை உள்ளங்கையால் உணர்வார். ஒரு தட்டு என்றால், போதாது, இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால், கெட்டுவிட்டது, பிடுங்கு.

உள்ளே இருந்து பிடிப்பவர் அவருடைய மனைவி.

“பட்டாளத்துல நீங்க பெரிய ஆபீசரா இருந்திருக்கலாம். இங்க நான் தட்டினாதான் உங்களுக்கு அடுத்த வேலை,” என்று சீண்டியபடியே அந்த அம்மாள் வாலுக்குள் தவழ்ந்து போவார்.

கணவரும் சிரிப்பார். ஆனால் வேலை முடிய முடிய அந்தச் சிரிப்பு வற்றிக்கொண்டே வந்தது. விமானம் தயாரானதும் பதிவேட்டில் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பும் அவர் அதையே எழுதினார். அன்று குறுக்குக் காற்றில் விமானத்தைத் தரையில் மோதியே இறக்கியிருந்தார். அதை எழுதியிருந்தால் சக்கரக் கால்களைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்திருப்பார்கள். பதவி உயர்வு நெருங்கிய நேரம். மானம் போய்விடும் என்று மறைத்தார். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு ஓர் இளைய விமானி அதே விமானத்தை எடுத்தான். இறங்கும்போது சக்கரக் கால் முறிந்து விமானம் தீப்பிடித்தது. அவன் பிழைக்கவில்லை. விரிசலைக் கவனிக்கவில்லை என்று மெக்கானிக்கை வேலையைவிட்டு நீக்கினார்கள். விசாரணை அறையில் இவர் வாயே திறக்கவில்லை. சீருடையில்லாமல் வாயிலைக் கடந்து நடந்துபோன அந்த மெக்கானிக்கின் முதுகுதான் இத்தனை ஆண்டுகளாக அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டே காலுக்கு வால் பகுதியில் அடிக்கத் தொடங்கினார். வழக்கமாக மனைவியின் தட்டு அவசரமாக இருக்கும். கை வலித்தால் கோபமாகவும் இருக்கும். அன்று ஒவ்வொரு தட்டும் ஒரே அளவாக வந்தது. இரண்டு... இரண்டு... இரண்டு... புழுக்கம் என்ற முனகல்கூட இல்லை. தகடு மட்டும் சில்லென்றிருந்தது.

மூன்று மணி ஐந்து நிமிடம். தோளை யாரோ தொட்டார்கள்.

மனைவி. கையில் மருந்துப் பை.

“ஏங்க, கடைக்குப் போறேன்னு கத்திட்டுதானே போனேன்? இன்னும் அடிச்சிட்டிருக்கீங்க... யாரு பிடிக்கிறா?”

அவர் வாலுக்குள் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. அதுவரை அடித்த நாற்பத்திரண்டு ரிவெட்டுகளும் கச்சிதமாக நசுங்கியிருந்தன. கருகிய நெடி. இரும்புக் கட்டி தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

“சும்மா... அளவு பார்த்தேன்,” என்றார்.

மறுநாள் மனைவியைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். அதே இரண்டே காலுக்கு, தனியாக, ஒரே ஒரு ரிவெட் அடித்தார்.

மூன்று தட்டு.

பிடுங்கிப் பார்த்தார். நன்றாகத்தான் நசுங்கியிருந்தது. வேறொன்று அடித்தார்.

மூன்று தட்டு.

மூன்றாவதும் அப்படியே. கெட்டது ரிவெட் அல்ல என்று அப்போது அவருக்குப் புரிந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தார். காதுறையைக் கழற்றினார். உள்ளங்கை தகட்டிலேயே இருந்தது.

“மெக்கானிக்... நீங்கதானா? அன்னைக்கு நான் எழுதல. தப்பு என்னோடது.”

டக்.

ஒன்றே ஒன்று. போதாது.

“விசாரணையில வாயைத் திறக்கல. உங்களைப் பலிகொடுத்துட்டு நான் மெடல் குத்திக்கிட்டேன்.”

டக்.

“உங்க குடும்பம் என்ன பாடு பட்டுச்சுன்னு எட்டிக்கூடப் பாக்கல.”

டக்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேனே... போதுமா?”

உள்ளங்கையை இன்னும் அழுத்தினார்.

டக்.

அன்று மாலையே படைத் தலைமையகத்துக்கு உண்மை முழுவதையும் எழுதி அனுப்பினார். விடிந்ததும், இறந்துவிட்டதாக அவர் முடிவுகட்டிய மெக்கானிக்கின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்க, பழைய நண்பர்களிடம் வேறெதுவும் பேசாமல் வாங்கிய முகவரிக்குப் போனார்.

கதவைத் திறந்தவர் மெக்கானிக்.

“சார்! நீங்களா? ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?”

“நீங்க... உயிரோட இருக்கீங்களா?”

“நல்ல கேள்வி போங்க! முழங்கால் ரெண்டும் ரிட்டையர் ஆயிடுச்சு. மத்ததெல்லாம் இன்னும் டியூட்டியிலதான் இருக்கு.”

நின்றபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் முகம் மெல்ல இறுகியது.

“நீங்க மறைச்சிட்டீங்கன்னு எனக்கு அப்பவே சந்தேகம் சார். உங்களைத் திட்டாத நாள் இல்ல. ஆனா உங்க கொட்டகைக்கு வந்து தட்டினது நானில்ல. நான் என்னைக்குமே வெளிய நின்னு அடிக்கிறவன். உள்ள இருந்து பிடிச்சதே இல்ல.”

“அப்ப... யாரு?”

மெக்கானிக் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியாதா சார்? பைலட் பரீட்சை பாஸ் பண்றதுக்கு முன்னாடி, மூணு வருஷம், அன்னைக்குச் செத்துப்போன அந்தத் தம்பி என் செக்‌ஷன்லதான் வேலை பார்த்தான். நான் அடிப்பேன். அவன்தான் பிடிப்பான்.”

முந்தைய நாள் அந்தத் தகட்டைப் பார்த்து அத்தனை மன்னிப்புக் கேட்டாரே... இறந்தவனின் பெயரை அவர் ஒரு முறைகூடச் சொல்லியிருக்கவில்லை.