சாம்பலுக்கும் முறை வைத்தோம்

எங்கள் குப்பத்தில் மீன், இறால் பிடிக்க ஆற்றில் இறங்குவதற்கு முறை உண்டு. வடக்குத் தெரு வீடுகள் ஒரு நாள், தெற்குத் தெரு வீடுகள் மறுநாள். நல்ல இடமும் மோசமான இடமும் சுற்றிச் சுற்றி எல்லா வீட்டுக்கும் வரும். ஒருத்தன் தின்று இன்னொருத்தன் பட்டினி கிடக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் வைத்த ஏற்பாடு. வெளியாட்களிடம் இதைச் சொல்லும்போது எங்களுக்கு அப்படி ஒரு பெருமை. எனக்கும் இருந்தது. இப்போது யாராவது அதைப் புகழ்ந்தால் எரிச்சல்தான் வருகிறது.

என் வீட்டுக்காரர் எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிப்பவர். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததை நான் திருவொற்றியூருக்குச் சுமந்து போய் விற்பேன். அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய் இந்த ஆற்றோரமாகத்தான் போகிறது. அது ஒழுக ஆரம்பித்த பிறகு சேறு சிமெண்டு குழைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் விரல்களில் தோல் உரிந்தது. "தடவினா கல்லாட்டம் கீதுமே" என்று வெறும் பறியோடு வந்து உட்காருவார்.

குழாயை மாற்றச் சொல்லி ஊரே மறியல் செய்தது. கோயில் மைக்கில் அறிவித்தார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று. வராத வீட்டை ஊர் எதிலும் சேர்க்காது. என் வீட்டுக்காரருக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது, அதனால் நான் போனேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். குழாயை மாற்றாமல் அனல்மின் நிலையத்து லாரி ஒன்றுகூட நகராது என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது.

நெடுஞ்சாலையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக கேட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அங்கே கான்ட்ராக்ட் வேலைக்குப் போன எங்கள் ஊர் ஆட்கள் திரும்பி வந்து கோயிலடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் மறியல் பந்தலுக்கு வந்தவர், முதலில் அவர்களைத்தான் பார்த்தார். மனுஷனுக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"கொழாய மாத்தறது பெரிய எடத்து விசயம். டெண்டரு, பைலு, அது எப்போ முடியும்னு எனக்கே தெரியாது. ஆனா ஒழுகுற சாம்பல அள்ற கூலி வேல கீதே, அத நாளைக்கே நம்ம ஊருக்கு வாங்கித் தரேன்."

ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "எல்லா வூட்டுக்கும் வருமா?"

"முறை வச்சிக்கோங்க நைனா. ஒங்களுக்குத் தெரியாத முறையா?"

அவ்வளவுதான், பந்தலைப் பிரித்துவிட்டார்கள். குழாய் எப்போது மாறும் என்று கேட்க ஒரு வாய் இல்லை. எதுவானாலும் எல்லா வீட்டுக்கும் கிடைக்குமா என்பதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வி. கிடைக்கும் என்றதும் அது நியாயமாகிவிட்டது. வடக்குத் தெரு ஒரு நாள் சாம்பல் அள்ளியது, தெற்குத் தெரு மறுநாள் அள்ளியது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குக்கூடப் பங்கு ஒதுக்கினார்கள். விஷத்தை இவ்வளவு நேர்மையாகப் பங்கு போட்ட ஊர் வேறு எங்காவது இருக்குமா, தெரியவில்லை.

தேர்தல் நெருங்கியதும் எதிர்க்கட்சிக்காரருக்கு ரோஷம் வந்தது. "சாம்பல் இன்னா அவங்க அப்பன் வூட்டு சொத்தா?" என்று மைக்கில் கேட்டார். பேச்சுவார்த்தை நடந்து தெற்குத் தெருவின் சாம்பல் கான்ட்ராக்ட் அவருக்கு என்று ஆனது. ஆற்றங்கரையில் இரண்டு கொடிக்கம்பங்கள் முளைத்தன. குழாயையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தெற்குத் தெருவில் ஒருவர் என் காதுபட, "நம்ம பக்கம் ஒழுகவே மாட்டேங்குது மாமு, பேஜாரா கீது" என்று புலம்பினார். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. குழாய் ஒட்டுகளில் ஒழுகாமல் இருக்க ஊழியர்கள் இறுக்கிக் கட்டிவிட்டுப் போன கோணி, பட்டப்பகலில் அவிழ்ந்து கிடக்கும். யார் அவிழ்த்தது என்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆற்றில் இறங்குவதையே விட்டுவிட்டார். முறை வரும் நாளில் மண்வெட்டியோடு போய், தலை முதல் கால் வரை சாம்பலாக வருவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏன்யா, இத அள்ளிக்கினே இருந்தா ஆறு எப்போ திரும்பும்?" என்று கேட்டேன்.

"ஆத்துல இன்னாமே கீது? இதுலயாவது சோறு கீது."

எனக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. அவர் மீதா, ஊர் மீதா என்றுகூடப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஒரு நாள் நிஜமாகவே புதுக் குழாய் வந்தது. லாரி லாரியாகக் கறுப்புக் குழாய்கள் அத்திப்பட்டு ரோட்டில் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு மழை நன்றாகப் பெய்தால் சாம்பல் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும், பழைய சேறு வந்துவிடும் என்று என்னவெல்லாமோ பேசினேன். அவர் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, "வெளியில போய் சிரிச்சிக்கினு சொல்லாத" என்றார்.

அன்று சாயங்காலமே கோயில் மைக் பேசியது. புதுக் குழாயை உள்ளே விடக்கூடாது, ஊர்ப் பிழைப்பு போய்விடும், விடிந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் ரோட்டுக்கு வரவேண்டும்.

நான் போகமாட்டேன் என்றேன். அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ போவலன்னா நம்ம முறைய எடுத்துருவாங்க. அப்பறம் இன்னாத்தமே துன்றது?" கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கெஞ்சினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் போனேன். ஒரே பந்தலில் இரண்டு கட்சிக் கொடியும் பறந்தது. ஜென்மப் பகையாளிகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். லாரியிலிருந்து இறங்கி வந்த இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், எங்களுக்குப் புதுசு. நேராக என் முன்னால் வந்து குனிந்தார்.

"இதப் போட்டா ஆத்துல ஒரு சொட்டு சாம்பல் விழாதும்மா. உங்க ஆறுதானே? நீங்களே தடுத்தா எப்படி?"

இரண்டு கட்சிக்காரர்களும் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஊரே பார்த்தது. போடுங்க சார், இன்னிக்கே போடுங்க என்று நெஞ்சு வரை வந்துவிட்டது.

"நாளைக்கு எங்க முறை சார்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து போய் லாரிகளைத் திருப்பச் சொன்னார்.