ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம்

எங்கள் ஆவூரில் ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்ற பிள்ளைகள் நானும் என் தம்பியும் மட்டும்தான். ஊர் முழுக்க நல்ல உடுப்பில் சர்ச்சுக்கு ரெண்டாம் பூசை பார்க்கப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் புத்தகப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக, வராத ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்போம். டீக்கடைக்காரர் ஒவ்வொரு வாரமும், "என்ன பாப்பா, ஒங்க டீச்சருக்கு மட்டும் ஞாயித்துக்கெழம கெடையாதா?" என்று கேட்பார். பதில் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஏழே முக்காலிலிருந்து எட்டு வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அம்மாவுக்கு அப்போது வயிற்றில் புற்றுநோய். எங்களிடம் அல்சர் என்று சொல்லியிருந்தார்கள். அல்சர் என்றால் காரம் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. திருச்சி ஆஸ்பத்திரியில் நாள் குறிக்காத குறையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பதும், அதற்குப் பிறகு எங்களை என்ன செய்வது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. அன்னவாசலில் இருந்த பெரியம்மா என்னைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வாள், தம்பி ஹாஸ்டலுக்குப் போவான். அப்பாவுக்கு மில் வேலை. விடியற்காலையில் சோறு வடித்துவைத்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். பொம்பளை இல்லாத வீட்டில் காலையில் இந்த இரண்டையும் யார் கிளப்பிவிடுவது என்று பெரியம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாவுக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்று, படுத்த படுக்கையாய்க் கிடந்தவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அவளைப் பொறுத்தவரை கெடுப்பது திங்கட்கிழமை ஒன்றுதான். சனியும் ஞாயிறும் டிவியும் தூக்கமுமாகக் கிடந்துவிட்டு, திங்கள் காலையில் தம்பிக்குச் சொல்லிவைத்தாற்போல வயிறு வலிக்கும். செவ்வாய்க்கிழமை வலிக்காது. எனக்கு ஒரு பக்கச் சடைக்கு ரிப்பன் கிடைக்காது. திங்களைத் தாண்டிவிட்டால் மீதி நாலு நாளும் தன்னால் ஓடிவிடும். ஆகவே அவள் ஞாயிறு காலையையே திங்களாக்கிவிட்டாள்.

அன்றைக்கு அப்பாவைத் தோட்டத்துக்கு விரட்டிவிடுவாள். அலாரம் அடித்ததும் நாங்களாக எழுந்து, குளித்து, சோற்றை டப்பாவில் அடைத்து, ஷூ மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். அம்மா உள் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். "நான் ஊர்ல இல்லேன்னு வச்சுக்கங்க. யாராச்சும் அம்மான்னு கூப்பிட்டீங்க, தோத்துட்டீங்க," என்பதுதான் விதி.

முதல் வாரம் பத்தே நிமிஷத்தில் தோற்றோம். "அம்மா, சாக்ஸ் எங்க?" என்று தம்பி கேட்டான். பதில் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். அப்போதும் அவள் திரும்பவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணை மூடியிருந்தாள். தலையணை நனைந்திருந்தது. எச்சில் ஒழுகத் தூங்குகிறாள், நம்மை மட்டும் பாடாய்ப் படுத்துகிறாள் என்று நினைத்தேன். ஊரில் எல்லா அம்மாக்களும் பிள்ளைக்குச் சடை பின்னிவிடும்போது எனக்கு வாய்த்தவள் இப்படிச் சோம்பேறியாகிவிட்டாளே என்று அவளை வெறுத்தேன். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

பிறகு தேறிவிட்டோம். தம்பியின் சாக்ஸை முந்தின நாளே ஷூவுக்குள் திணித்துவைக்கப் பழகினேன். இரட்டைச் சடையை, கோணலோ மாணலோ, நானே பின்னிக்கொண்டேன். தம்பியின் வயிற்று வலி கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிப் பார்த்தது. கேட்க ஆளில்லாததால் அதுவும் நின்றுபோயிற்று.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பெரியம்மா சோதித்துப் பார்க்க வந்தாள். சனிக்கிழமையே வந்து தங்கியவள், காலையில் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இவர்கள் ஒரு தடவைகூட அம்மாவைக் கூப்பிடாமல் கிளம்பினால் ஹாஸ்டல் பேச்சை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, தம்பி பீரோக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான். அவன் வாய் 'அ' என்று திறந்தது. நான் பாய்ந்து போய்ப் பொத்தினேன். உள்ளே கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. எழப்போன பெரியம்மா அப்படியே உட்கார்ந்தாள். அவன் விரலில் தண்ணீர் ஊற்றி, கண்ணைத் துடைத்து, ஷூவை மாட்டிவிட்டு, ஏழு நாற்பதுக்கு அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது பெரியம்மா கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. "சரிடி. ஒம் பிள்ளைக இங்கனயே இருக்கட்டும். இனி நான் வாயத் தொறக்கல," என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு எங்கள் தட்டுகளைக் கழுவப் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, நானும் தம்பியும் அதே வீட்டிலிருந்து கிளம்பி, வேன் வருவதற்கு முன்பே ரோட்டில் நின்றோம்.

ஆனால் பெரியம்மா தட்டுக் கழுவப் போன அந்தக் காலையில் நடந்த இன்னொன்றைத்தான் என்னால் மனசிலிருந்து தள்ள முடியவில்லை. அம்மா தம்பியைப் பக்கத்தில் இழுத்து, நசுங்கிய விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ரொம்ப வலித்ததா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். "இப்ப ஒருக்கா அம்மான்னு கூப்பிடு சாமி," என்றாள்.

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். ஜெயித்தவர்களைக் கடைசி நேரத்தில் தோற்கடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் எனக்கும் தோன்றியது. கூப்பிடாதே என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். "நீயாச்சும் கூப்பிடுடி," என்று என்னிடமும் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்று பொழுது சாயும்வரை அவளை அம்மா என்று கூப்பிடவே இல்லை.