அடிச்சுரத்தை அவரிடம் விட்டது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. மறந்துபோனதும் நிறைய. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஞாயிறுகளில் கல்யாண பேண்டில் பேஸ் கிடார் வாசிப்பார். போன வருடம் பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. பயிற்சி செய்தும் விரல்கள் பாதிதான் திரும்பின. அப்போது அவருடைய தோஸ்து, டிரம்ஸ் அடிப்பவர், ராயபுரத்து ஹால் ஒன்றில் நிகழ்ச்சி பேசிக்கொண்டு வந்தார். பேஸுக்கு இவர். கீபோர்டுக்காரர்தான் மகனோடு வெளிநாடு போய்விட்டாராம்.

"நீங்க வாசிங்க அண்ணி. மாதா கோயில்ல கீபோர்டு வாசிக்கிறீங்கள்ல?" என்று என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

ஜாஸ் பாட்டு. மெட்டுக்கு மட்டும் ஒரு வரி. அதன் தலைமேல் டி மைனர் செவன், ஜி செவன் என்று எழுத்துகள். இடது கைக்கு ஒன்றுமே எழுதவில்லை. நானோ காதால் கேட்டு வாசிப்பவள். டியிலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் ஏழாவதாக வரும் சி கட்டைதான் அந்த செவன் என்று டிரம்ஸ்காரர் சொல்லித்தான் தெரியும். டி, எஃப், ஏ, சி நான்கையும் ஒரே கார்டாகப் பிடித்தேன்; கீழே நிற்கும் டிதான் அடிச்சுரம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "இந்தத் தபா சொதப்புனேன்னா கிடார யாருக்காவது குடுத்துருவேன். அப்பால தொடமாட்டேன்" என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அதனால், பேஸ் கிடார் வாசிக்க வேண்டிய அடிச்சுரத்தையும் என் இடது சுண்டுவிரல் ஒவ்வொரு கார்டிலும் சேர்த்தே அமுக்கியது. அவர் தவறவிட்டாலும் வெளியே தெரியாதே.

ஒத்திகையின் மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாமே, என் வேலையயும் நீயே பாத்துகினு கீறே? நா இன்னா பொம்மையா?"

"இல்லீங்க, பழக்கத்துல வந்துடுச்சி."

"அண்ணி, அடி நோட்டு பேஸுக்கு. நீங்க மேல மூணு மட்டும் புடிங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா இடிச்சிக்கும்" என்றார் டிரம்ஸ்காரர்.

"வூட்லயும் அதே கததான்" என்றார் இவர். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டி இல்லாமல் எஃப், ஏ, சி மட்டும் பிடித்தால் காலுக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி இருந்தது.

நிகழ்ச்சி அன்று ஹாலில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் விரல் நழுவியது. கீழே சத்தமே இல்லை. என் மூன்று கட்டைகள் மட்டும் தனியாக ஒலித்தன. சுண்டுவிரல் தானாக நிமிர்ந்தது. அமுக்கினால் அங்கே யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அமுக்கவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். அடுத்த கார்டில் ஜியைப் பிடித்து உள்ளே வந்துவிட்டார்.

ஆட்டோவில், "ஒரு எடத்துல கோட்டை வுட்டேன்" என்றார்.

"கேட்டுது."

"நீ அந்த எடத்த அடைக்கல."

கோபமா இல்லையா என்று வீடு வரும்வரை தெரியவில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "அடுத்த தாளு எப்ப தருவான்னு அவன கேளு" என்றார்.

அவர் விட்டது டி மைனரில் என்றுதான் எனக்கு நினைவு. அவரோ, அது வேறு கார்டு என்கிறார். தாள் டிரம்ஸ்காரரிடம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் யாராவது அதைப் பார்த்து, நான் எழுதிய எழுத்துகள் சரிதானா என்று சொன்னால் நல்லது.