எமகண்டம் கழிந்து இறங்கிய கயிறு

உசிலம்பட்டிக்கு மேற்கே இருளாயி பெற்ற நாலு பெண்களில் மூணாவது நாகஜோதி. தாய்மாமன் கருத்தக்கண்ணனின் மகன் முத்துக்குமரனுக்கே வாக்கப்பட்டாள். கட்டின மூணாம் மாசம் இரண்டு பேரும் மெட்ராசுக்கு ரயிலேறினார்கள். கடற்கரையோர அடுக்குமாடி வீடுகளில் சன்னல் கண்ணாடி துடைக்கிற வேலை. பதினோரு வருசம் அதுதான் சோறு போட்டது. அவன் வெளியே கயிற்றில் தொங்கித் துடைப்பான், அவள் மொட்டைமாடியில் கயிற்றைப் பிடிப்பாள். எந்த வீட்டுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று போனில் தேதி கொடுக்கிறதும் அவள்தான்.

கடலோரத்தில் உப்பு காற்றோடு வரும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வெறும் தண்ணியாவது அடிக்க வேண்டும். விட்டுவிட்டுக் காய்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் துடைக்கிறது வீண். மார்கழி பாதி போய் வானம் வெளுத்தபின் நல்லபடியாக ஒரு துடைப்பு. கோடையென்றால் முற்பகலிலேயே கடற்காற்று எழும்பிவிடும். அதற்குள் கயிறு சுருட்டி வைத்தாக வேண்டும்.

இதை ஒரே ஒரு நாள் மீறினாள். முத்துக்குமரனுக்குக் காய்ச்சல் என்று அவளுடைய சின்னையா மகன் சிவனாண்டி தொங்கின நாள் அது. காற்று எழும்பிவிட்டது. "மேல வாடா தம்பி" என்று இவள் கூப்பிட, வீட்டுக்காரர் கீழே நின்று, "இன்னும் ஒரு கண்ணாடிதான் பாக்கி" என்றார். சரி, முடிக்கட்டும் என்று விட்டாள். சுவர் விளிம்பில் உரசி உரசிக் கயிறு அறுந்தது. கீழே நின்ற கார்மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. இடது காலில் கம்பி வைத்து, இன்றைக்கு உசிலம்பட்டியில் உட்கார்ந்தபடி வெற்றிலைக்கடை நடத்துகிறான். "நீ என்னக்கா செய்வ" என்று அவன் நூறு தரம் சொல்லியிருப்பான். ஆனாலும் அவன் கடை வழியாகப் போகிற பஸ்ஸில் அவள் சன்னலோரம் உட்கார மாட்டாள்.

அதோடு பட்டணம் வேண்டாமென்று ஊர்ப்பக்கமே வந்து, பசுமலையில் வாடகைக்கு இருந்து அதே வேலையைச் செய்தார்கள். இங்கே கடல் இல்லை. உப்பு போர்த் தண்ணியில் வரும். அதை அடித்து வெயிலில் விட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு. காற்றோ ஆனியில் ஆரம்பித்து ஆவணி முடிய மேற்கேயிருந்து புழுதியோடு அடிக்கும். காலை ஒன்பதுக்கு எழும்பினால் பொழுது சாய்ந்துதான் படுக்கும். அந்த மூணு மாசமும் நாகஜோதி கயிற்று வேலைக்குத் தேதி கொடுக்கிறதில்லை.

ஆனால் போன ஆவணியில் கேட்டது சுஷ்மா. மெட்ராஸில் கடற்கரை வீட்டுக்காரி. சிவனாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மாசம் சோறு கொடுத்து அனுப்பிய பெண். அவளுடைய அப்பா அனந்தநாராயணன் காலேஜில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டியிருந்தார். மாடிப்படியை ஒட்டி, கீழிருந்து மேல்வரை முப்பதடிக்குச் சட்டம் சட்டமாகக் கண்ணாடி பதித்த ஒரே சுவர், அதுவும் மேற்குப் பார்த்து. வெள்ளிக்கிழமை விடியலில் கிரகப்பிரவேசம்.

"பெயின்ட்காரங்க புதன்கிழமை ராத்திரிதான் முடிக்கிறாங்களாம். வியாழக்கிழமை ஒரு நாள்தான் இருக்கு. உங்களால முடியுமா?" என்றாள் சுஷ்மா.

நாகஜோதிக்கு வாயில் முடியாது என்று வரவில்லை. "ஆறு மணிக்கு ஏறி எட்டரைக்குள்ள இறங்கிருவோம்மா" என்றாள்.

வியாழக்கிழமை அஞ்சே முக்காலுக்கெல்லாம் அவர்கள் அங்கே இருந்தார்கள். கேன் தண்ணி நாலு, சோப்பு, வைப்பர், கயிறு, இடுப்புப் பெல்ட், விளிம்பில் போட ஒரு சாக்கு. வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. அதன் இலை ஆடாமல் நின்றது. நல்ல நேரம். முத்துக்குமரன் பெல்ட்டை மாட்டும்போது, வீட்டம்மா ஸ்யாமளா உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"ஏறாதேப்பா! மணி ஆறாயிடுத்து. வியாழக்கிழமை ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம்."

"அம்மா, நாங்க அஞ்சே முக்காலுக்கே வேலைய ஆரம்பிச்சிட்டோம்" என்றாள் நாகஜோதி. "வாளியெல்லாம் எறக்கி வச்சாச்சுல்ல?"

"வாளி வெச்சதெல்லாம் வேலையா? புது வீட்டுல, நாளைக்குப் பூஜை. ஒரு மனுஷன் எமகண்டத்துல கயித்துல தொங்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? உன் தாலிக்குத்தான் சொல்றேன்."

"ஒம்பது மணிக்குக் காத்து கெளம்பிரும்மா. அதுக்கு முன்னால தொங்குறதுதான் எங்களுக்குப் பத்திரம்."

"ஒன்றரை மணி நேரம்தானேம்மா, பொறுத்துக்கோங்கோ. அப்புறம் கடகடன்னு முடிச்சுடலாம்" என்றார் அனந்தநாராயணன். மனைவி சொல்லுக்கு மறுசொல் பேசிப் பழக்கமில்லாத மனுசன்.

நாகஜோதி புருசனைப் பார்த்தாள். அவன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். "விடு புள்ள. தாலின்னு வாய்விட்டுச் சொன்னபெறகு ஏறுனா, எனக்கே கால் நடுங்கும்."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல். காபி வந்தது. ஒன்றரை மணி நேரம் வாழை இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழுக்கு இலையின் நுனி அசைந்தது. ஏழே காலுக்கு நின்றது. அனந்தநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு முப்பத்தொண்ணு!" என்று கத்தினார், ரயிலுக்குக் கொடி காட்டுகிறவர் மாதிரி.

தண்ணித்தொட்டித் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, சுவர் விளிம்பில் சாக்கைப் போட்டு, காலைத் தூணில் உதைத்து உட்கார்ந்தாள் நாகஜோதி. அங்கிருந்து புருசனைப் பார்க்க முடியாது. அவனும் கத்தினால் காதில் விழாது. கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பென்றால் நிறுத்து, இரண்டென்றால் இறக்கு, மூணென்றால் தூக்கு. கீழே சுவரைவிட்டு வெகு தள்ளி அனந்தநாராயணன் நின்று, எவ்வளவு ஆச்சு என்று சத்தம் கொடுப்பதாக ஏற்பாடு.

முதல் இறக்கத்தில் இடது பாதி. சிமென்ட் துளி, பெயின்ட் துளி எல்லாம் பிளேடால் சுரண்ட வேண்டியிருந்ததால், நினைத்ததைவிட நேரம் இழுத்தது. எட்டு இருபதுக்கு அவன் தரையைத் தொட்டு, மறுபடி மாடியேறி வந்தான்.

"மச்சான், போதும். மிச்சத்த உள்ள இருந்து தொடைப்போம்" என்றாள் நாகஜோதி.

"வெளிய இருக்குற பெயின்ட்ட உள்ள இருந்து எப்படிடி சொரண்டுவ? இந்தா, அரை மணி நேரம்."

இறங்கினான். வலது பாதிக்கு மேலிருந்து சோப்பு போட்டான். எட்டரை. எட்டே முக்கால். நாகமலைக்கு அந்தண்டை மண் நிறத்தில் ஒரு மங்கல் எழும்புவதை நாகஜோதி பார்த்தாள். அடுத்த நொடி கீழே வாழை இலை படபடவென்று கிழிகிற சத்தம். பூஜைக்குக் கட்டியிருந்த சாமியானாத் துணி வயிறு ஊதி எழுந்தது.

கயிறு அவள் கையில் பக்கவாட்டில் இழுத்தது. அவன் ஆடுகிறான். ஒரு தரம் இடது, ஒரு தரம் வலது. விளிம்பில் கிடந்த சாக்கு மெல்ல மடிந்து, சுருண்டு, அவள் கண்ணெதிரே சுவரைத் தாண்டிப் பறந்தது.

இப்போது கயிறு பூசாத சிமென்ட் முனையில் நேராகக் கிடந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கரகரவென்று அரைபட்டது. எழுந்து போய் எதையாவது செருகலாமென்றால் கயிற்றை விட வேண்டும். விட்டால் அவன் போய்விடுவான். "யாராச்சும் மேல வாங்க!" என்று கத்தினாள். காற்று அதை அவள் வாயிலேயே திருப்பிப் போட்டது.

கயிற்றில் இரண்டு தரம் சுண்டினாள், இறக்கப்போகிறேன் என்று. கீழேயிருந்து ஒரே இழுப்பு வந்தது. நிறுத்து.

மறுபடி இரண்டு. மறுபடி ஒன்று.

கயிற்றின் மேல்நூல் ஒன்று பட்டென்று தெறித்து மயிர்போல நின்றது. அப்போதுதான் கீழேயிருந்து அனந்தநாராயணனின் குரல் காற்றில் ஏறி வந்தது. "அம்மா! பிடிச்சுக்கோங்கோ! இன்னும் ஒரு கண்ணாடிதான் பாக்கி!"

அந்தச் சொல் காதில் விழுந்தபிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைத் தளர்த்தினாள். ஒரு கை, இன்னொரு கை. ஒரு இழுப்பு வந்தது. தளர்த்தினாள். கோபத்தோடு இன்னொரு இழுப்பு. தளர்த்தினாள். அரைபட்ட இடம் விளிம்பைத் தாண்டிக் கீழே போய்விட்டது. இனி அவன் பாரத்தை அந்த இடம்தான் தாங்க வேண்டும், அதுவும் கண்ணில் படாமல். உள்ளங்கை தீயாகக் காந்தியது. வேகமாக விட்டால் வெட்டென்று நிற்கும்போது அறும், மெதுவாக விட்டால் ஆடி ஆடி அறும். மனசுக்குள் சிவனாண்டி பேரைச் சொல்லிக்கொண்டே விட்டாள்.

கயிறு திடீரென்று லேசாயிற்று.

அறுந்துவிட்டதா, தரை தொட்டானா? முழங்காலாலேயே விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். முத்துக்குமரன் தரையில் நின்று, முகமெல்லாம் சோப்பும் புழுதியுமாக, அவளைப் பார்த்துக் கையை ஆட்டி ஏசிக்கொண்டிருந்தான்.

கீழே போனாள். "கூறு இருக்காடி ஒனக்கு? நான் நிறுத்து நிறுத்துங்கிறேன், நீ பாட்டுக்கு எறக்குற! வைப்பரால ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சிருக்கும்."

அவள் கயிற்றைத் தடவிக்கொண்டே போய், அந்த இடத்தை அவன் கையில் வைத்தாள். பாதிக்கு மேல் போயிருந்தது. அவன் அதை விரலால் விரித்துப் பார்த்தான். பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தான்.

ஸ்யாமளா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வலது பாதியில் மிச்சமிருந்த கண்ணாடியில் சோப்பு காற்றில் காய்ந்து, அதன்மேல் செம்புழுதி அப்பி, திருநீறும் குங்குமமும் குழைத்துப் பூசின மாதிரி இருந்தது. "என்னம்மா இது? நாளைக்கு ஊரே வரும். சாயங்காலம் காத்து அடங்கினதும் முடிச்சுக் குடுத்துடுங்கோ. விளக்கு ஏத்தறதுக்கு முன்னாடி."

முத்துக்குமரன் வாயைத் திறந்தான். சரி என்றுதான் சொல்லப்போகிறான், அவளுக்குத் தெரியும். வாழைமரம் வெட்டின அரிவாள் வாசலில் கிடந்தது. நாகஜோதி அதை எடுத்து, அரைபட்ட இடத்தில் ஒரே வெட்டாகக் கயிற்றைத் துண்டாக்கினாள்.

"வேற கயிறு கெடையாதும்மா" என்றாள். "எமகண்டம் ஏழரைக்கே போயிருச்சுன்னு சொன்னீக. காத்துக்கு அது தெரியலையே."

ஸ்யாமளா கயிற்றைப் பார்த்தார், அவளுடைய கையைப் பார்த்தார். உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தானே உள்ளங்கையில் தடவிவிட்டார்.

மறுநாள் பூஜை அந்தத் திட்டோடுதான் நடந்தது. ரயிலேறி வந்த சுஷ்மா, யார் கேட்டாலும், "காத்து நிக்கலை, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாளாம். சனிக்கிழமைக்கு ஸ்யாமளாவே போன் செய்தார். "எத்தனை மணிக்கு வரே? நீயே சொல்லு." புதுக் கயிறு, விளிம்பில் சாக்கு, சாக்குக்கு மேல் கம்பிக்கட்டு. ஏழே காலுக்கெல்லாம் முடித்துவிட்டார்கள். வாழை இலை அசையவே இல்லை.

இப்போது நாகஜோதியின் போன் உறைக்குள் நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாள் இருக்கிறது. எந்தக் கிழமை எந்நேரம் ராகுகாலம், எந்நேரம் எமகண்டம் என்று. காற்றுக் காலத்தில் அவசரமென்று யாராவது அழைத்தால், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ராகுகாலமோ எமகண்டமோ விழுகிற கிழமையா என்று எடுத்துப் பார்ப்பாள். "திங்கள், புதன், வியாழன் காலையில வர்றதில்லம்மா. செவ்வாய் தாரேன், இல்லாட்டி வெள்ளி."

"ஏன், அன்னைக்கு என்ன?" என்று கேட்பார்கள்.

"அன்னைக்கு உங்க வீட்டுல ஏற விட மாட்டீக" என்பாள்.