தோளைத் தொடாத தலைமயிர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. கணக்குப் பிழையென்று பேத்தி சொல்கிறாள். பிழையில்லை. ஆறாவது பிள்ளை என் கணவரின் தங்கை. நான் வளர்க்கத் தொடங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. பிள்ளை வளர்ப்பதென்றால் சோறு ஊட்டுவதும் சீப்பால் தலை இழுத்துவிடுவதும்தானே, இரண்டையும் செய்தேன். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். அவளை நினைத்தால் முதலில் என் கண்ணுக்கு முன்னால் வருவது அவள் முகமல்ல, ஒரு சவுரிமுடி. கொண்டை பெரிதாகத் தெரிவதற்காக உள்ளே வைத்துக் கட்டும் பொய்முடி. அது இன்றைக்கும் என் அலுமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் பேணிக்குள், நல்ல கறுப்பாகச் சுருண்டு கிடக்கிறது. அதில் இருப்பதெல்லாம் மச்சாளின் சொந்தத் தலைமயிர்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் சீதன வீட்டுக்கு ஓடு போட்டு முடியவில்லையென்று அப்பா சொன்னதால், கொஞ்ச நாளைக்கென்று நான் என் கணவரின் தாயான மாமியின் வீட்டுக்குப் போனேன். அந்த ஓடு வந்து சேர மூன்று வருடத்துக்கு மேல் சென்றது. வெள்ளைக்காரரின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போகத் தொடங்கியிருந்த காலம். என் கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. விடியச் சைக்கிளில் போனால் பொழுதுபடத்தான் வருவார். பகல் முழுவதும் வீட்டில் மூன்று பெண்களும் ஒரு பூனையும். என் தலைமயிர் அப்போது கிணற்றுக் கயிற்றுத் தடிப்பில் இடுப்புக்குக் கீழே தொங்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் இன்னும் இருக்கிறது. மச்சாளுக்கு அதைவிட நீளம் என்று மாமி சொல்வார். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

நான் போவதற்குச் சில மாதம் முன்னால், உப்புவெளியில் இருந்து ஒரு மாப்பிள்ளைப் பகுதி அவளைப் பெண் பார்க்க வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியம்மா பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை வடிவுதான், ஆனால் கொஞ்சம் சதை கூட" என்றாராம். அந்த மனுசிக்கு உட்கார ஒரு கதிரை போதாமல் இரண்டு கதிரை போட்டதாக மாமி பிறகு சொன்னார். ஆனால் அந்தச் சொல் மச்சாளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினாள். பிறகு செவ்வாய், பிறகு திங்கள். பஞ்சாங்கத்தில் இருந்த விரதமெல்லாம் பிடித்து முடித்து, அதில் இல்லாததையும் பிடித்தாள். வேறு வீடென்றால் பயந்திருப்பார்கள். எங்கள் மாமிக்கோ பெருமை தாங்க முடியவில்லை. வேலிக்கு மேலால் தெருவுக்கே சொல்வார்: "என்ர பிள்ளைக்குத் தண்ணியும் துளசியும் காணும், வேற ஒண்டும் வேண்டாம். எல்லாம் அம்மாளாச்சியின்ர அருள்." அயலவர்கள் தங்கள் வீட்டுக் குமர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, பக்தியென்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அவளைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த விரதகாரிக்குச் சமையலில் இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. பிட்டு, இடியப்பம், சொதி, பொரித்த மீன் என்று குசினியை விட்டு வெளியே வரமாட்டாள். தான் தொடமாட்டாள். எங்களைத்தான் விடமாட்டாள். "இன்னும் ஒரு அகப்பை, மச்சாள்" என்று போட்டுக்கொண்டே இருப்பாள். என் கலியாணச் சட்டைக்குள் என் கை நுழைய மறுத்துவிட்டது. விரதமில்லாத நாட்களில் அவளுடைய சோற்றுக் கோப்பையும் வெறுமையாகத்தான் குசினிக்குத் திரும்பும். அதில் இருந்த சோறு எங்கே போகிறது என்பதைப் பூனையைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். யன்னலால் பாய்ந்து வருகிற பூனை, அந்த வருடம் வயிறு பெருத்து வாசலால் நடந்து வரத் தொடங்கியது.

ஒருநாள் காலை நான் தலை இழுத்துவிட, சீப்போடு தலைமயிர் கொத்தாக வந்தது. அடுத்த நாளும் வந்தது. கழுத்தெலும்பு தெரிந்தபோது அருள் என்று சொன்ன மாமி, தலைமயிர் கொட்டியதும் ஊரின் கண்ணூறு பட்டுவிட்டது என்று அலறினார். பிறகு தொடங்கியது எண்ணெய்க் காலம். கையாந்தகரை, செவ்வரத்தம்பூ, நெல்லிக்காய், வெந்தயம், யார் யார் என்ன சொன்னார்களோ அதெல்லாம் தேங்காயெண்ணெயில் காய்ச்சப்பட்டது. மச்சாள் நடந்தால் நிலத்தில் அடையாளம் விழும். அந்த நேரம் பார்த்து அவளுடைய கையிலும் முதுகிலும் மெல்லிய பூனைமயிர் முளைத்தது. உடம்பு சோறில்லாமல் குளிரில் கிடந்து, தானே தனக்குப் போர்வை நெய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. மாமி அவளுடைய கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோசமாகச் சொன்னார்: "எண்ணெய் வேலை செய்யுது பிள்ளை. வழிஞ்சு இடம்தான் மாறிப்போச்சு."

கடைசியில் அவள் கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் டொக்குத்தரிடம் போனோம். வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். "என்ர பிள்ளை விரதகாரி" என்றார் மாமி, நிமிர்ந்து இருந்து. டொக்குத்தர் மாமியின் பக்கம் திரும்பினார். "எண்ணெயைத் தலையில ஊத்தினது காணும் அம்மா. சோத்தை வயித்துக்குள்ள போடுங்கோ. பட்டினி கிடக்கிற உடம்பு முதல்ல கைவிடுறது தலைமயிரைத்தான். இப்படியே விட்டால் பிறகு இதயத்தையும் கைவிடும்." என் பிள்ளையின் பக்தியைப் பட்டினி என்று சொல்லிவிட்டாரே என்று மாமி எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியாக டொக்குத்தர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது: "சாப்பிடத் தொடங்கினாப் பிறகும் கொஞ்ச மாதம் கொட்டும். பயந்து நிப்பாட்டிப் போடாதேங்கோ."

மாமி நேரே அம்மன் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். தன் பிள்ளையின் கொட்டிய தலைமயிர் திரும்ப முளைத்து வளர்ந்து தோளைத் தொட்டால், அந்தத் தலைமயிரை முழுக்க இறக்கி அம்மாளாச்சிக்கே கொடுப்பதாக. நான் யோசித்துப் பார்த்தேன். "மாமி, வளர்ந்ததை மொட்டையடிச்சுக் குடுத்தால், பிறகு மச்சாளின்ர தலையில என்ன மிஞ்சும்?" மாமிக்கு அது அப்போதுதான் விளங்கியது. சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவளுக்கு இப்ப சொல்லிப்போடாதே" என்றார்.

சோறு ஊட்டும் வேலை எனக்கு வந்தது. சாப்பிடு என்று சொன்னால் அவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். சோற்றைப் பார்த்துப் பாம்பைக் கண்டதுபோலப் பயப்படுவாள். அது பொய்ப் பயமில்லை. ஆனால் அயலவர் கதை சொன்னால் அவளையும் அறியாமல் வாய் திறக்கும். அதைக் கண்டுபிடித்தது நான்தான். முதலில் கஞ்சி, பிறகு குழையல் சோறு, பிறகு பிட்டு. ஒரு கதைக்கு ஒரு பிடி. யாருடைய மருமகள் யாரோடு கதைப்பதில்லை, யாருடைய மாப்பிள்ளை குறட்டை விடுகிறார் என்று தெருவில் இருந்த கதையெல்லாம் முதல் மாதத்திலேயே முடிந்துவிட்டது. பிறகு நானே கதை கட்டத் தொடங்கினேன். ஒன்றிரண்டு பின்னால் உண்மையாகவும் நடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் சாப்பிடச் சாப்பிடத் தலைமயிர் இன்னும் மோசமாகக் கொட்டியது. ஒருநாள் சீப்பை எடுத்துச் சுவரில் எறிந்தாள். "பாத்தியளே மச்சாள்! பட்டினி கிடக்கேக்க கொட்டினதைவிடச் சாப்பிடேக்கதான் கூடக் கொட்டுது. எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்துறியள்." டொக்குத்தர் சொன்னதைச் சொன்னேன். "அவருக்கே தலையில ஒண்டுமில்லை" என்றாள். "அவர் நேரத்துக்குச் சாப்பிடுறேல்லை போல" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று கிட்டப் போனால், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்போடு ஒரு பிடி வாங்கினாள். அந்த ஒரு பிடிக்காக இன்றைக்கும் அந்த டொக்குத்தருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கொட்டிய தலைமயிரை எறியாமல் சேர்த்து வைத்து, அதில் மாமி ஒரு சவுரிமுடி செய்வித்தார். மச்சாள் வெளியே போவதென்றால் அதை வைத்துத்தான் கொண்டை. ஒருநாள் கிண்ணியாவில் இருந்து எங்களுக்குத் தயிர் கொண்டுவரும் உம்மா வாசலில் சட்டிகளை இறக்கிவைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். சோறு கிடைக்காமல் போன கோபத்தில் திரிந்த பூனை, சவுரிமுடியை எலியென்று கவ்விக்கொண்டு வந்து அவருடைய காலடியில் போட்டது. "என்ட அல்லாஹ்!" என்று அவர் பாய்ந்ததில் ஒரு தயிர்ச்சட்டி உடைந்தது. மச்சாள் முக்காடு போட மறந்து ஓடிவந்தாள். உம்மா அவளுடைய தலையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நெற்றி ஓரமெல்லாம் புதுமயிர் விரல் உயரத்துக்குக் குத்திட்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்ததுபோல நின்றது. "புள்ள, இது என்ன, வயல் முளைச்சிருக்கு!" என்றார் உம்மா. மச்சாள் கையால் தடவிப் பார்த்தாள். அன்றைக்கு உடையாமல் மிஞ்சிய சட்டித் தயிரை, கதை ஏதும் இல்லாமல், தானாகவே சாப்பிட்டாள்.

பிறகு பழையது கொட்டி முடிய, புதுமயிர் வளர்ந்தது. காதை மூடி, கழுத்துக்கு வந்தது. அவளுக்குச் சந்தோசம், மாமிக்கும் எனக்கும் கவலை. நேர்த்தியைச் சொன்னால் அவள் மறுபடியும் வாயைப் பூட்டிவிடுவாள். சொல்லாமல் விட்டால் அம்மாளாச்சி சும்மா விடமாட்டா. மாமிதான் வழி கண்டார். "தோளைத் தொட்டால் எண்டுதானே சொன்னனான். தொடாட்டி?" ஆகவே நுனி வெடித்துவிட்டது என்று சொல்லி, மாதத்துக்கு ஒருதரம் கிணற்றடியில் வைத்து நான் கத்தரிக்கோலால் நறுக்குவேன். மாமி பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கண்ணைக் காட்டுவார். தெய்வத்தை ஏமாற்றுவது இவ்வளவு லேசா என்று எனக்கே அதிசயமாக இருந்தது.

ஆனால் மச்சாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். "எவ்வளவு சாப்பிட்டும் இதில வந்து நிண்டுபோச்சே மச்சாள். இனி வளராது போல." நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சில வாரம் சென்றது. ஒருநாள் மத்தியானம் வாசலைப் பார்த்தேன். பூனை மெதுவாக, வயிறு நிலத்தில் முட்ட, நடந்து வந்துகொண்டிருந்தது.

மச்சாளின் சோறு மறுபடியும் அதன் வயிற்றுக்குத்தான் போகிறது. மாமியிடம் கேட்காமலே மச்சாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், நேர்த்தியையும் கத்தரிக்கோலையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கிணற்றுத் துலாவைப் பிடித்தபடி நின்றாள். திட்டுவாள், அழுவாள், அறைக்குள் போய்க் கதவைப் பூட்டுவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப, இவ்வளவு நாளும் அது வளர்ந்துகொண்டுதான் இருந்ததோ?"

"ஓம் மச்சாள். நிக்கவேயில்லை. வெட்டி வெட்டி என்ர கைதான் உளைஞ்சது."

"நான் சாப்பிட்டதாலயோ?"

"வேற எதால?"

அவள் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "ஆடு மேய்ஞ்ச மாதிரி வெட்டி வச்சுப்போட்டு! இனிமேல் என்ர தலையில கத்தரிக்கோல் பட்டால் பாருங்கோ." அன்றைக்குப் பூனை பட்டினி.

தலைமயிர் தோளைத் தொட்ட மாதமே, நேர்த்தியைத் தீர்ப்போம் என்று அவளே சொன்னாள். மாமி அழுதார். பூமுடியென்று நுனியை மட்டும் கொடுத்தால் போதும் என்று ஐயர் சொல்வதாகச் சமாதானம் பேசினார். "முழுக்க எண்டு சொல்லிப்போட்டு நுனியைக் குடுக்கிறதோ? ஒருக்கா வளர்ந்தது ரெண்டாந்தரமும் வளரும். எப்பிடி வளர்க்கிறதெண்டு எனக்கு இப்ப தெரியும்" என்றாள் மச்சாள். கோயிலுக்குப் போகிற காலை நாங்கள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவள் குசினியில் பலகை போட்டு இருந்து, பிட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். "அடி பாவி, நேர்த்திக்குப் போறநாள் விரதமெல்லோ!" என்றார் மாமி. மச்சாள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பட்டினியோட நான் இனி ஒரு கோயிலுக்கும் வரமாட்டன் அம்மா. ஏலாதெண்டால் அம்மாளாச்சியே வந்து சொல்லட்டும்." மாமி முகட்டைப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, தானும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

மொட்டைத் தலையோடு அவள் தெருவால் நடந்து வந்ததை எங்கள் அயல் கனகாலம் கதைத்தது. ஒரு சந்தனப் பொட்டு அப்பி, நிமிர்ந்துதான் வந்தாள். அடுத்த வருடம் வளர்ந்தது பார்க்கக் கூடியதாக இருந்தது. சவுரிமுடி இனி வேண்டாமென்று என் மடியில் போட்டுவிட்டாள். பிறகு வேறு இடத்தில் கலியாணமாகி, நாலு பிள்ளை பெற்றாள். இப்போது அவளுக்கு எழுபத்தைந்து. வெள்ளைக் கொண்டை, ஒரு தேங்காய் அளவு.

எனக்கோ கிணற்றுக் கயிறாக இருந்தது தையல் நூலாகிவிட்டது. வருகிற ஞாயிறு அவளுடைய பேரனுக்குக் கலியாணம். அலுமாரிப் பேணியைத் திறந்து, சவுரிமுடியை எடுத்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். வெள்ளைத் தலைக்குக் கறுப்புக் கொண்டை பொருந்தாது என்று பேத்தி சொல்கிறாள். பந்தியில் வைத்தே மச்சாள், "என்ர தலைமயிரைத் திருப்பித் தாங்கோ" என்று கேட்பாள் என்றும் எனக்குத் தெரியும். கொடுக்கமாட்டேன். அவளுக்குச் சோறு ஊட்டிய கூலி அது.

எழுத்துக் கூட்டி எழுதி விரல் நோகிறது. பேத்திப் பிள்ளை, இந்தா, முதலில் இருந்து வாசி பார்ப்பம். என்ர தலைமயிர் இடுப்புக்குக் கீழே தொங்கும் என்ற இடத்தை மட்டும், அயலுக்குக் கேட்கக் கொஞ்சம் உரத்து வாசி.