சிவசங்கரி சொல்லாமல் விட்ட நாலு நாள்

ஆரணியில் தறிக்காரர்கள் குடியிருக்கும் தெரு ஒன்றில் மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு மே மாதமும் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறவள் சிவசங்கரி. மற்ற மாதங்களில் நர்சரிப் பள்ளி டீச்சர். பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. பொறுப்பானவள் என்று ஊர் சொல்லும். இந்த வருஷம் அந்தப் பேரை அவளாலேயே நம்ப முடியாமல் போனது.

அந்தத் திங்கட்கிழமை ஜெயப்ரியா என்ற ஆறு வயதுப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். முகம் சற்று உப்பியிருந்தது. தாய் லாவண்யா மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

"கிட்னி வீக்கம் டீச்சர். இந்த மாத்திர சாப்பிடறதால சின்னதா எது ஒட்டினாலும் இவ தாங்க மாட்டா. இங்க யாருக்கு இன்னா வந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுடுங்க."

"கவலையே படாதீங்க," என்றாள் சிவசங்கரி.

மதியச் சாப்பாட்டின்போது ஜெயப்ரியாவை ஒட்டி உட்கார்ந்திருந்த சரண்யாவின் கழுத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்கு அடியில் நீர் கோத்த இரண்டு கொப்புளங்கள். பாவாடை இடுப்பில் வேப்பிலை செருகியிருந்தது. சிவசங்கரி உடனே அவளுடைய அப்பாவை வரவழைத்தாள். பட்டு நெய்கிற வேலு, மாடிப்படியில் நின்றபடியே கும்பிட்டார்.

"காலையிலதான் ஆத்தா வந்தாங்க டீச்சர். தறியில முகூர்த்தப் பொடவ ஓடிகினு இருக்குது. வாசல்ல வேப்பிலை கட்டினா, ஆத்தா எறங்கின வூட்டுப் பொடவன்னு முதலாளி தொடமாட்டாரு. தலைக்குத் தண்ணி ஊத்தி ஆத்தாவ அனுப்பி வைக்கிற வரைக்கும் வெளிய சொல்லாதீங்க."

"அதுக்குன்னு இங்க அனுப்புவீங்களா?"

"வூட்ல இருந்தா வர்றவன் போறவன்லாம் பாத்துடறான். இங்கன்னா கூட்டத்தோட கூட்டம்."

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினாள். அம்மை வந்த வீட்டைப் பற்றி வெளியில் பேசக்கூடாது, பேசினால் ஆத்தாவைப் பழிப்பதாகும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். பெற்றோர் எல்லாருக்கும் வாட்ஸப்பில், "மோட்டார் ரிப்பேர். ஒரு வாரம் விடுமுறை" என்று அனுப்பினாள். லாவண்யாவுக்குத் தனியாக இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அழித்தாள். அரை நாள்தானே பக்கத்தில் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மரியாதையும் கோழைத்தனமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. செவ்வாயும் புதனும் அப்படியே போயின.

வியாழன் காலை, தெரிந்த நர்ஸ் ரேணுகாதேவியிடம் போய், யாரோ வீட்டுக் கதைபோலக் கேட்டாள். ரேணுகாதேவி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அந்த மாத்திர சாப்பிடற கொழந்தைக்கா? நுரையீரல்ல எறங்கிட்டா உசுருக்கே ஆபத்துங்க. வேலூர்ல அதுக்குன்னு ஒரு ஊசி இருக்குது. நாலு நாளுக்குள்ள போட்டா நல்லது. எத்தினி நாளாச்சு?"

"இன்னியோட நாலு."

"அப்ப இங்க நின்னுகினு இன்னா கத கேக்கறீங்க? ஜல்தி போங்க!"

லாவண்யாவின் போன் கிடைக்கவில்லை. வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "முகாம் லீவாமே, அதான் கொழந்தைய இட்டுகினு படவேட்டுக்குப் போயிருக்கா. அம்மனுக்கு வேண்டுதல்."

தன் பொய்தான் அவர்களை அங்கே அனுப்பியிருக்கிறது என்று புரிந்ததும் சிவசங்கரி தெருமுனைக்கு ஓடினாள். ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அந்த உப்பிய முகம் மூச்சுக்குத் திணறுவதுபோலவே கண்ணில் தெரிந்தது. வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை.

படவேட்டு ரேணுகாம்பாள் அம்மன் கோயில் வரிசையில் லாவண்யா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீங்களும் வந்துட்டீங்களா டீச்சர்? மோட்டார் சரியாயிடுச்சா?"

"மோட்டார் கெடவே இல்லங்க. சரண்யாவுக்கு அம்மை. திங்கக்கெழம பாப்பா பக்கத்துலதான் இருந்தா."

ஆத்தாவின் சன்னதி வாசலிலேயே அந்தப் பேச்சைக் கேட்ட வரிசை சற்று விலகியது. பின்னால் நின்ற பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமயா?" லாவண்யாவின் குரல் உடைந்தது. "நாலு நாளா வாயில இன்னா வச்சிகினு இருந்தீங்க?"

வேலூர் ஊசியைப் பற்றிச் சொல்லி சிவசங்கரி அவர்களை வாசலுக்கு அழைத்துப்போனாள். அதே ஆட்டோவில் வேலூர் போனார்கள். நாலு மணிக்கு ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சிவசங்கரி மற்ற பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அம்மை என்று வாய்விட்டுச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். வேலு அழுதார்.

இருபத்தெட்டு நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் காலையில் லாவண்யா குழந்தையின் முதுகைப் படமெடுத்து அனுப்புவாள், ஒரு வார்த்தை இல்லாமல். சிவசங்கரி அதைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகத் தேடுவாள். பத்தொன்பதாம் நாள் மூன்று கொப்புளங்கள் இருந்தன.

வேலூரில் ஆறு நாள் மருந்து ஏற்றினார்கள். ஊசி போட்டதால் இந்த அளவில் நின்றது, நுரையீரலுக்குப் போகவில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் காத்திருந்த சிவசங்கரியிடம் லாவண்யா வந்து நின்றாள்.

"பொழச்சிகினா. அதுக்காக உங்கள மன்னிக்கச் சொல்லிக் கேக்காதீங்க டீச்சர்."

"கேக்கலங்க," என்றாள் சிவசங்கரி.

கேட்கத்தான் வந்திருந்தாள்.