சுடலைக்கு அனுமதி கேட்ட மனு

கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனி. அந்த நுனி இல்லாமல் தனியே இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகா. எண்பத்தைந்தில் வந்த போதைப்பொருள் சட்டத்தின் இரண்டாம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். காவல் தெய்வம் சுடலைமாடன் எங்கள் பக்கம் இருந்தார். இடையில் நான் இருந்தேன், கோவில்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில், மதுவிலக்குக் கோப்புகளைப் பார்க்கும் உதவியாளராக.

பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் ஆவணி மாதம் சுடலைக்குக் கொடைத் திருவிழா நடக்கும். மதியக் கொடையில் சாமியாடிக்குக் கஞ்சா வைத்த சுருட்டு ஒன்று கொடுப்பார்கள். அதை இழுத்து முடித்ததும் சாமி குறி சொல்லும்: மழை எப்போது, இந்த வருஷம் பருத்தியா கம்பா என்று. குறி கேட்காமல் அந்த ஊரில் யாரும் விதைக்க மாட்டார்கள். வருஷத்துக்கு அந்த ஒரு சுருட்டுதான். வேறு எவனாவது தொட்டால் ஊர்க்கூட்டத்தில் அபராதம். பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரரும் கும்பிட்டு விபூதி வாங்கிக்கொண்டு போவார்.

புதுச் சட்டம் வந்ததும் கோயில் தர்மகர்த்தா பயந்துவிட்டார். கோர்ட் கட்டண வில்லை ஒட்டி எங்கள் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தார்: சுடலைமாட சுவாமி ஒரு சுருட்டு உபயோகிக்க அனுமதி வேண்டி.

“அண்ணாச்சி, இத்தன வருசமா யாரக் கேட்டுக் குடுத்திய?” என்றேன்.

“யாரையும் கேக்கல சார்.”

“பெறவு இப்ப எதுக்குக் கேக்குதிய?”

“சட்டம் வந்துட்டுல்லா. சாமியாடிய உள்ள தள்ளிட்டாங்கன்னா ஊருக்கு யாரு குறி சொல்லுவா? அவிய வயசான மனுசன் வேற.”

வந்த மனுவை வராததாக்க முடியாது. எண் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினோம். நகல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று. அதுவரை கும்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டேஷன், அன்றிலிருந்து சாமியாடியைப் பிடிக்கக் கடமைப்பட்டது.

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று, ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம் இப்போது சிலர் கேட்கிறார்கள். கடை திறப்பதை நான் ஒப்பமாட்டேன். நான் வேலையில் இருந்த காலத்தில் சாராயக் கடையைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் எங்களுக்குக் கோப்பு பெருத்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு சுருட்டுக்காக ஒரு கிழவர் ஜெயிலுக்குப் போவதையும் நான் ஒப்பமாட்டேன். அந்த ஊர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டை எந்தச் சட்டமும் இன்னும் எட்டவில்லை.

கொடை நெருங்கியும் பதில் இல்லை. தர்மகர்த்தா மறுபடி வந்து நின்றார். இரண்டாம் பிரிவை வாசித்துக் காட்டினேன்.

“வெறும் எலைய வச்சுச் சுருட்டுங்க.”

“சாமி ஒத்துக்கிடுமா சார்?”

“சாமிக்குன்னு தனிச் சட்டம் போடலயே அண்ணாச்சி.”

கொடைக்கு நானும் போனேன், சட்டப் புத்தகத்துடன். இன்ஸ்பெக்டர் சுருட்டைப் பிரித்துப் பார்த்தார், பிரிவைப் படித்தார், சுருட்டைத் திருப்பிக் கொடுத்தார். இலையையும் தடுக்கும் மாநில மதுவிலக்குச் சட்டம் என்று வேறொன்று இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை.

சாமி ஓர் இழுப்பு இழுத்தது. இருமியது.

“என்னலே இது? ஆட்டுக்குப் போடுத தழையா?”

மேளம் நின்றது. தர்மகர்த்தா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“எனக்கு வேண்டியத எங்கிட்ட கேக்காம ஆபீசுலயாலே போயிக் கேட்ட?”

“தப்புதான் அய்யா. பதிலும் வரலய்யா.”

“எப்படிலே வரும்?” என்றது சாமி.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சாமி மிச்சச் சுருட்டை வேண்டாவெறுப்பாக இழுத்து முடித்துவிட்டு, “ஐப்பசி பொறந்ததும் மழ. பருத்தி போடுங்கலே” என்றது. ஊரே குலவையிட்டது. சாமியாடி அன்று நடந்தே தம் வீட்டுக்குப் போனார். போலீஸ் ஜீப்பில் இன்ஸ்பெக்டரும் நானும் மட்டும்தான் திரும்பினோம்.

ஐப்பசியில் மழை பெய்தது. ஊர் பருத்தி விதைத்தது, களையெடுத்தது, பருத்தியும் எடுத்து முடித்தது. அதன் பிறகு மேலிடத்திலிருந்து மனு திரும்பி வந்தது. சுருட்டை உபயோகிப்பவரின் கையொப்பம் மனுவில் இல்லை, பெற்று மீண்டும் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அது வந்து சேர்ந்தது பங்குனி மாதம், முதல் திங்கட்கிழமை.